கால்வாய்ப் படகில் ஒரு வாரம்: ஸ்காட்லாந்து பயணக் கேள்விகளுக்குப் பதில்

நான் இன்வர்னெஸில் குடியிருக்கிறேன். கலிடோனியன் கால்வாயில் குடும்பத்தோடு ஐந்து முறை படகெடுத்துப் போயிருக்கிறோம், தெற்கே லோலாண்ட் கால்வாய்களில் (ஃபோர்த் அண்ட் கிளைட், யூனியன்) ஒரு முறை. வந்த கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன்.

அதற்கு முன் ஒரு சொல் பற்றி. ஸ்காட்லாந்தில் ஏரியை 'லொக்' என்பார்கள், கடைசி எழுத்து தொண்டையில் உரசிக்கொண்டு வரும். தண்ணீரை நிரப்பியும் வடித்தும் படகை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டிக்கு 'லாக்' என்று பெயர். இரண்டும் குழம்பும் என்பதால் ஏரியை ஏரி என்றே எழுதுகிறேன். லாக் என்றால் அந்தத் தொட்டி.

கேள்வி: அக்கா, ஸ்காட்லாந்தில் எத்தனை கால்வாய் இருக்கிறது? ஒரு வாரத்துக்கு எது சரி?

படகுப் பயணம் என்று பேச்செடுத்தால் நான்கு பெயர் வரும். கலிடோனியன், ஃபோர்த் அண்ட் கிளைட், யூனியன், கிரினன். இதில் கிரினன் 9 மைல்தான், 15 லாக். பாய்மரப் படகுக்காரர்கள் கடலுக்குக் கடல் குறுக்கு வழியாகப் போவது அது. அதை விட்டுவிடலாம்.

என் ஓட்டு கலிடோனியனுக்கு. இன்வர்னெஸிலிருந்து ஃபோர்ட் வில்லியம் பக்கத்துக் கோர்ப்பாக் வரை 60 மைல். அதில் மனிதர் வெட்டியது 22 மைல்தான், மீதி எல்லாம் ஏரி: டோக்ஃபர், நெஸ், ஓய்க், லொக்கி. தாமஸ் டெல்ஃபோர்டின் பொறுப்பில் 1803-இல் தொடங்கி 1822-இல் திறந்தார்கள். ஸ்காட்லாந்தின் வடமுனையைச் சுற்றிக் கப்பல்கள் புயலில் மாட்டாமல் குறுக்கே வரட்டும் என்பதுதான் எண்ணம். மலை, ஏரி, காடு, ஊர் எல்லாம் மாறி மாறி வருவதால் ஏழு நாளும் சலிக்காது.

சின்னக் குழந்தைகள் இருந்தாலோ, பெரிய தண்ணீர் பயம் என்றாலோ லோலாண்ட் கால்வாய்கள் நல்லது. அதைப் பற்றிக் கீழே தனியாக ஒருவர் கேட்டிருக்கிறார்.

கேள்வி: படகு ஓட்டியதே இல்லை. லைசென்ஸ் வேண்டாமா?

வாடகைப் படகுக்கு வேண்டாம். படகைக் கையில் கொடுக்கும் முன் ஒன்றிரண்டு மணி நேரம் கூடவே வந்து சொல்லித் தருவார்கள். அந்த நேரத்தில் வீட்டில் இரண்டு பேராவது கற்றுக்கொள்ளுங்கள், ஒருவர் மட்டும் போதாது.

கார் ஓட்டுபவர்களுக்குப் பிடிபட நேரமாகும் விஷயம் ஒன்று உண்டு. ஸ்டியரிங்கைத் திருப்பினால் படகின் முன்பக்கம் மட்டும் திரும்பாது, பின்பக்கம் எதிர்ப்பக்கமாக வீசும். பிரேக்கும் கிடையாது, ரிவர்ஸ் போட்டுத்தான் நிறுத்த வேண்டும். கரைக்கு வரும்போது காற்றுக்கு எதிராக வாருங்கள், காற்றே வேகத்தைக் குறைத்துவிடும். அரை மணி நேரம் பழகினால் கை தானாக வரும்.

கேள்வி: லாக் என்றாலே பயமாக இருக்கிறது அக்கா. கதவை நாங்களேதான் திறக்க வேண்டுமா?

கலிடோனியனில் வேண்டாம். மொத்தம் 29 லாக், எல்லாவற்றிலும் ஊழியர்கள் இருக்கிறார்கள், கதவும் இயந்திரத்தில் இயங்குகிறது. உங்கள் வேலை கயிறு மட்டும். அந்தக் கயிற்றைத்தான் விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

முன்னால் ஒரு கயிறு, பின்னால் ஒரு கயிறு. தொட்டிக்குள் போனதும் மேலே இருக்கும் கொக்கியில் சுற்றி, மறுமுனையைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். இறங்கும்போது தண்ணீர் வடிய வடியக் கயிற்றை விட்டுக்கொண்டே வர வேண்டும். ஏறும்போது இழுத்துக்கொண்டே வர வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் முடிச்சுப் போட்டுக் கட்டிவிடாதீர்கள்.

எங்கள் முதல் பயணத்தில் நான் பின் கயிற்றைப் படகின் கட்டையில் இறுக்கிக் கட்டிவிட்டுக் காப்பி எடுக்க உள்ளே போனேன். தண்ணீர் இறங்கியது, படகு இறங்கவில்லை. கயிறு விறைத்து முறுக்கிக் கிறீச்சென்று சத்தம் வந்தது, அடுப்பிலிருந்த பாத்திரம் சரிந்தது. லாக் ஊழியர் பார்த்துவிட்டு உடனே தண்ணீரை நிறுத்தினார். அவர் கவனித்திராவிட்டால் படகு கயிற்றில் தொங்கியிருக்கும். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம்: லாக்கில் இருக்கும்வரை கயிறு பிடித்தவர் கயிற்றை மட்டும்தான் பார்க்க வேண்டும்.

ஃபோர்ட் அகஸ்டஸில் ஐந்து லாக் படிக்கட்டு மாதிரி அடுத்தடுத்து வரும். அங்கே ஒருவர் படகில் இருக்க, மற்றவர்கள் கரையில் இறங்கிக் கயிற்றைப் பிடித்துப் படகை நடத்திக்கொண்டு போக வேண்டும், மாட்டைப் பிடித்துக்கொண்டு போவது போல. ஒரு மணி நேரம் ஆகும். கரையில் நிறையப் பேர் நின்று வேடிக்கை பார்ப்பார்கள், பேச்சுக் கொடுப்பார்கள். பதில் சொல்லுங்கள், கண் மட்டும் கயிற்றில் இருக்கட்டும்.

கேள்வி: ஏழு நாளில் இரண்டு முனையும் போய்த் திரும்ப முடியுமா?

முடியும். ஆனால் போகாதீர்கள். நான் சொல்ல நினைப்பதே இதுதான். வெட்டிய கால்வாயில் வேகமாகப் போனால் அலை கரையை அரிக்கும், அதனால் 5 நாட் (knot) வேகத்துக்கு மேல் போகக் கூடாது, அதாவது மணிக்கு 9 கிலோமீட்டர் அளவில். லாக்குகளும் இரவில் இயங்காது. இரண்டு முனையும் தொட நினைத்தால் தினமும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஓட வேண்டும், நடுவில் ஒருநாள் காற்றடித்தால் திட்டம் மொத்தமும் போச்சு.

கால்வாயின் நடுப்பகுதியான லகனில் சனிக்கிழமை படகெடுப்பதாக வைத்துக்கொள்வோம். அன்று எங்கும் போக வேண்டாம். சாமான்களை அடுக்கி, சாப்பிட்டு, தூங்குங்கள். ஞாயிறு ஓய்க் ஏரி. கால்வாயின் உச்சி அதுதான், கடல்மட்டத்துக்கு 32 மீட்டர் மேலே. கரையில் இன்வர்கேரி கோட்டையின் இடிபாடு தெரியும். அன்றிரவு கைட்ரா லாக்கில் தங்குங்கள், சுற்றிலும் காடு. திங்கள் ஃபோர்ட் அகஸ்டஸ், லாக் இறங்கி ஊரில் ஒரு சுற்று. செவ்வாய் நெஸ் ஏரி, உர்க்கார்ட் விரிகுடாவில் இரவு. பக்கத்தில் உர்க்கார்ட் கோட்டை. 1692-இல் எதிரி கைக்குப் போகக் கூடாது என்று காவலிருந்த படையே வெடி வைத்துத் தகர்த்துவிட்டுப் போனது. புதன் டோக்கரொக் வரை போய், பேருந்தில் இன்வர்னெஸ் பார்த்துவிட்டு வரலாம். வியாழன் திரும்ப நெஸ் ஏரி. வெள்ளி லகன். சனி காலை படகை ஒப்படைக்க வேண்டும்.

படகெடுக்கும் அன்று காற்று பலமாக இருக்கும் என்று சொன்னால், முதல் இரண்டு நாள் மேற்கே போகலாமா என்று படகுக்காரரிடமே கேளுங்கள். அந்தப் பக்கத்து லொக்கி ஏரியிலும் காற்றுண்டு, ஆனால் நீளம் 16 கிலோமீட்டர்தான். அதைத் தாண்டினால் பனவி. 'நெப்டியூன்ஸ் ஸ்டேர்கேஸ்' என்ற எட்டு லாக் படிக்கட்டு அங்கேதான். வாடகைப் படகுகள் வழக்கமாக அதன் உச்சியோடு நிற்கும். நடந்து இறங்கிப் பாருங்கள், எதிரே பென் நெவிஸ் மலை நிற்கும். பக்கத்திலேயே ரயில் நிலையம் இருக்கிறது, 21 வளைவு கொண்ட கிளென்ஃபின்னன் பாலத்துக்கு மேலே போகும் ரயில் அங்கே நிற்கும்.

கேள்வி: அம்மா அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. நெஸ் ஏரியில் அலை அடிக்கும் என்கிறார்களே?

அடிக்கும். தென்மேற்கிலிருந்து வடகிழக்கே நேர்கோடாக ஓடும் நிலப்பிளவில் கிடக்கும் ஏரி அது. 37 கிலோமீட்டர் நீளம், இரண்டு பக்கமும் மலை. தென்மேற்குக் காற்று வந்தால் குழாயில் ஊதியது போல் ஏரி முழுக்க அலையைத் தள்ளிக்கொண்டு வரும். ஆழம் 230 மீட்டர் வரை போகிறது, நடுவில் நங்கூரம் போடும் பேச்சே இல்லை. தண்ணீரும் கடுங்குளிர்.

அதனால் காலையிலேயே கிளம்புங்கள், பெரும்பாலும் அப்போது காற்றுக் குறைவு. எந்த அளவுக் காற்றுக்கு மேல் ஏரியில் இறங்கக் கூடாது என்று படகு தருபவர் சொல்வார், அதைக் காகிதத்தில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். சந்தேகமாக இருந்தால் லாக் ஊழியரிடம் கேளுங்கள், அவர் போகாதே என்றால் போகாதீர்கள். ஃபோர்ட் அகஸ்டஸில் ஒருநாள் கூடுதலாக உட்கார்ந்திருப்பது நஷ்டமே இல்லை. மேல்தளத்துக்கு வந்தால் எல்லாருக்கும் லைஃப் ஜாக்கெட், நீச்சல் தெரிந்தவருக்கும்தான். பெற்றோரைத் தாராளமாகக் கூட்டி வாருங்கள். படகுப் படிகள் செங்குத்து என்பதால், படி குறைவான படகாகக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: எந்த மாதம் வரலாம்?

மே கடைசி, ஜூன் தொடக்கம். இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். ஜூலை, ஆகஸ்ட்டில் மிட்ஜ் என்ற பொடிக்கொசு படுத்திவிடும். கடுகைவிடச் சின்னது, கூட்டமாக வரும், காற்றில்லாத சாயங்காலத்தில் ஏரிக்கரையில் நிற்கவிடாது. லேசாகக் காற்றடித்தாலே பறக்காது. தலைக்கு மாட்டும் வலை இங்கே கடைகளில் கிடைக்கும், கூச்சப்படாமல் வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். மழை எந்த மாதத்திலும் உண்டு.

கேள்வி: நாங்கள் சைவம். ஒரு வாரச் சாப்பாட்டுக்கு என்ன வழி?

படகில் காஸ் அடுப்பு, ஃபிரிட்ஜ் இருக்கும். அரிசி, பருப்பு, புளி, பொடி வகைகளைப் பெரிய ஊரிலேயே வாங்கிவிடுங்கள். வழியில் இருப்பவை சின்னக் கடைகள், பால், ரொட்டி, முட்டை, காய் கொஞ்சம் கிடைக்கும். நான் ஒரு சின்னக் குக்கரும் புளிக்காய்ச்சல் ஒரு பாட்டிலும் கொண்டு போவேன். ஏரியில் போகும் நாளில் அடுப்பே பற்ற வைக்காதீர்கள், காலையிலேயே புளிசாதம் கட்டிவிடுங்கள். குடிதண்ணீர்த் தொட்டியைக் கிடைக்கிற இடத்திலெல்லாம் நிரப்புங்கள். ஏரித் தண்ணீர் கரி மண் கலந்து டிகாஷன் நிறத்தில் இருக்கும், பார்க்க அழகு, குடிக்க வேண்டாம்.

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. நெஸ் ஏரியில் இருப்பதாகச் சொல்லும் ராட்சத மிருகம் நெஸ்ஸி நிஜமாகவே இருக்கிறதா என்று கேட்கச் சொன்னான்.

தம்பி, நான் இதுவரை பார்த்ததில்லை. இந்தக் கதை உலகம் முழுக்கப் பரவியது 1933-இல். அதே காலத்தில்தான் ஏரியின் வடகரையில் புதுச் சாலை போட்டார்கள், நிறையப் பேர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே போக ஆரம்பித்தார்கள். ஒரு படகு போய் வெகுநேரம் கழித்து அதன் அலை மட்டும் தனியாக வரும், கறுப்பாக, முதுகு முதுகாக. அதைக் கட்டாயம் பார்ப்பாய். நோட்டில் வரைந்து வை.

கேள்வி: படகைத் தூக்கி இறக்கும் சக்கரமான ஃபால்கர்க் வீல் பார்க்க ஆசை. லோலாண்ட் பக்கம் ஒரு வாரம் தாங்குமா?

நன்றாகத் தாங்கும். அங்கே ஓடுவது நீளமான ஒல்லி நேரோபோட். யூனியன் கால்வாய் எடின்பரோவிலிருந்து ஃபால்கர்க் வரை 31 மைல், மலைச்சரிவை ஒட்டி ஒரே மட்டத்தில் வெட்டியிருப்பதால் ஃபால்கர்க் போகும்வரை லாக்கே இல்லை. வழியில் ஏவன் நீர்ப்பாலம், 247 மீட்டர் நீளம். படகில் நின்று எட்டிப் பார்த்தால் ஆற்றுக்கு 26 மீட்டர் மேலே போய்க்கொண்டிருப்பீர்கள். முதல் தடவை எனக்கு உள்ளங்கால் கூசியது. லின்லித்கோவில் 1542-இல் ஸ்காட்லாந்தின் மேரி ராணி பிறந்த அரண்மனை இருக்கிறது.

ஃபோர்த் அண்ட் கிளைட் கால்வாயையும் யூனியன் கால்வாயையும் முன்பு 11 லாக் இணைத்தன. 1960-களில் கால்வாய்களையே மூடிவிட்டார்கள். 2002-இல் அந்தப் பழைய லாக்குகளுக்குப் பதிலாகத் திறந்ததுதான் இந்தச் சக்கரம். இரண்டு கைகளில் இரண்டு தண்ணீர்த் தொட்டி, ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும், 24 மீட்டர். படகு உள்ளே வந்தால் அதன் எடை அளவுக்குத் தண்ணீர் வெளியே போய்விடும், ஆகவே படகு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரண்டு தொட்டியும் ஒரே கனம். தராசு எப்போதும் சமம் என்பதால் அரைச்சுற்றுக்கு எட்டு கெட்டில் தண்ணீர் கொதிக்க வைக்கும் மின்சாரம் போதும். உங்கள் படகிலேயே உட்கார்ந்து அதில் ஏறலாம், நேரத்தை முன்பே பதிவு செய்துகொள்ளுங்கள். கீழே இறங்கிக் கிழக்கே போனால் 30 மீட்டர் உயரக் குதிரைத் தலைச் சிலைகள், கெல்பிஸ்.

கேள்வி: கட்டாயம் கொண்டு வர வேண்டியது?

கெட்டி சூட்கேஸ் வேண்டாம், படகில் வைக்க இடமிருக்காது. மடித்து வைக்கிற துணிப்பையாகக் கொண்டு வாருங்கள். வழுக்காத செருப்பு, மழைக்கோட்டு, டார்ச். அப்புறம் ஆளுக்கு ஒரு ஜோடி கையுறை, ரப்பர் பிடி வைத்தது. ஈரக் கயிறு இரண்டாம் நாளே உள்ளங்கையைத் தோலுரித்துவிடும்.