உட்கார், படு தெரிந்த நாயுடன் ரேலி ஒபீடியன்ஸ் தொடங்குவது எப்படி?

உட்கார், படு, வா மூன்றும் என் நாய்க்குத் தெரியும், ரேலியில் இறங்க இது போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போதும். ஆனால் முதல் பயிற்சி உங்களுக்குத்தான், அதுவும் நாய் இல்லாமல்.

ரேலி என்பது நீங்களும் நாயும் சேர்ந்து ஒரு தடத்தை நடந்து முடிக்கும் கீழ்ப்படிதல் போட்டி. தடத்தில் எண் போட்ட பலகைகள் வரிசையாக இருக்கும். நின்று உட்கார வை, மெதுவாக நட, இடப்பக்கம் முழுவட்டம் திரும்பு, கூம்புகளுக்கு நடுவே வளைந்து போ என்று ஒவ்வொன்றிலும் ஒரு வேலை. இந்தப் போட்டிகளுக்கு விதி வகுக்கும் அமைப்புகளில் ஒன்றான அமெரிக்கன் கென்னல் கிளப் விதிப்படி, ஆரம்ப நிலையான நாவிஸில் 10 முதல் 15 பலகைகள். நாய்க்குப் பலகை புரியாது, அது உங்கள் உடம்பைத்தான் பார்க்கும். நீங்கள் பலகை முன்னால் யோசித்து நின்றால் அதுவும் குழம்பிவிடும். போட்டியிலேயே நாய் இல்லாமல் தடத்தை ஒருமுறை நடந்து பார்க்க நேரம் தருகிறார்கள். வீட்டிலும் பலகைகளைக் காகிதத்தில் அச்செடுத்து, நாற்காலிகளில் ஒட்டி, கால் தானாகத் திரும்பும்வரை தனியாக நடந்து பழகுங்கள்.

அப்புறம் நாயைச் சேருங்கள். இடப்பக்க வட்டம்தான் பலருக்குத் தகராறு. நாய் உங்கள் இடப்பக்கம், வட்டத்தின் உள்ளே இருப்பதால், பின்கால்களை நகர்த்தத் தெரியாவிட்டால் உங்கள் முழங்காலில் முட்டும். நிறைய நாய்களுக்குத் தன் பின்கால் பற்றிய நினைப்பே இருக்காது. அதற்கு ஒரு தாழ்வான முக்காலி போதும். முன்கால் இரண்டையும் அதன்மேல் வைக்கச் சொல்லி, நீங்கள் மெல்ல நாயின் பக்கமாக அடி எடுத்து வையுங்கள். பின்கால் கொஞ்சம் நகர்ந்ததுமே தின்பண்டம் கொடுங்கள். என் நாய் முக்காலியைச் சுற்றப் பழகியபின் வட்டம் மட்டுமல்ல, காலடியில் நேராக உட்காருவதும் சரியானது. எனக்கு மிகப் பிடித்த பயிற்சி இதுதான்.

மதிப்பெண் முறை கருணையானது. 100-இல் தொடங்கிக் கழித்துக்கொண்டே வருவார்கள், 70 இருந்தால் தேர்ச்சி. நாவிஸில் கழுத்துக்கயிறு உண்டு, ஆனால் இறுகினால் மதிப்பெண் போகும். கயிறு எப்போதும் வளைந்து தொங்கட்டும். நடக்கும்போது நாயோடு பேசலாம், பாராட்டலாம், தொடையைத் தட்டிக் கூப்பிடலாம். ரேலியின் அழகே இந்தப் பேச்சுதான். கடுமையாக அதட்டவோ, கையால் பிடித்து உட்கார வைக்கவோ கூடாது.

அமெரிக்கன் கென்னல் கிளப் போட்டியில் தடத்துக்குள் தின்பண்டத்துக்கு அனுமதி இல்லை. அதனால் ஒவ்வொரு பலகைக்கும் கொடுப்பதைச் சீக்கிரமே விட்டு, இரண்டு பலகைக்கு ஒன்று, நான்குக்கு ஒன்று, கடைசியில் தடம் முடிந்து வெளியே வந்தபின் என்று தள்ளிக்கொண்டே போங்கள். உங்கள் குரல்தான் நடுவில் பரிசு.

6 மாதம் நிறைந்த நாய் கலந்துகொள்ளலாம். கலப்பினமும் வரலாம், அந்தக் கிளப்பில் பதிவு செய்திருக்க வேண்டும், அவ்வளவுதான். வேறு அமைப்புகளில் பலகையும் மதிப்பெண் முறையும் மாறும் என்பதால், எதில் போட்டியிடப் போகிறீர்களோ அதன் விதிநூலைப் படித்துவிட்டே பலகைகளை அச்செடுங்கள்.