இங்கிலாந்தில் கவுன்சிலர்கள் தங்கள் சொத்து, தொழில் விவரங்களை ஏன் பதிவு செய்ய வேண்டும்?

கவுன்சிலின் முடிவால் தனக்கு லாபமோ நட்டமோ வர வாய்ப்பிருந்தால், அதை முன்கூட்டியே வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். விஷயம் அவ்வளவுதான். 2011-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதவிக்கு வந்த 28 நாட்களுக்குள் வேலை, அந்த வட்டாரத்தில் உள்ள நிலம், கவுன்சிலோடு போட்ட ஒப்பந்தம் போன்றவற்றைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். கணவன் அல்லது மனைவியின் இதே விவரங்களும் இதில் சேரும். பதிவேட்டை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

காரணம் என்ன? ஊரோரத்து விவசாய நிலத்தில் வீடு கட்டக் கவுன்சில் அனுமதி கொடுத்தால் போதும், அதன் விலை பல மடங்கு எகிறிவிடும். அந்த நிலத்தின் சொந்தக்காரரே கை தூக்கி ஓட்டுப் போட்டால்? மகன் பேசும் பேச்சுப் போட்டிக்கு அப்பாவே நடுவராக உட்கார்ந்த மாதிரிதான். அதனால் அந்த விஷயம் கூட்டத்தில் வரும்போது, விசேஷ அனுமதி இல்லாவிட்டால், அவர் விவாதிக்கவும் கூடாது, வாக்களிக்கவும் கூடாது. தக்க காரணமின்றி மீறினால் கிரிமினல் குற்றம்; அபராதத்தோடு, 5 ஆண்டுகள் வரை பதவி வகிக்கவும் தடை வரலாம்.

அண்ணன் தம்பி, நண்பர்கள் விஷயத்தை இந்தச் சட்டம் தொடுவதில்லை. அதை அந்தந்தக் கவுன்சிலின் நடத்தை விதிகளுக்கே விட்டுவிட்டது. என்னைக் கேட்டால் இது பெரிய ஓட்டை.

அப்புறம், பதிவேட்டில் ஒருவர் பெயருக்கு நேரே நிலமும் கடையும் இருந்தால் அவர் ஊழல்வாதி என்று பலர் நினைக்கிறார்கள். சொத்து இருப்பது தப்பில்லை, மறைப்பதுதான் தப்பு.