சத்தம் வருது, நிறம் வரேல்லை

கேள்வி: பழைய டிவிடி பிளேயரைப் புது எல்இடி ரீவியில் கொழுவினேன். சத்தம் சரி, படம் மட்டும் கறுப்பு வெள்ளை. பிளேயர் பழுதா? – பரந்தன் வாசகர்

பதில்: திருத்தக் கொண்டுபோய்க் காசைக் கரைக்காதீர்கள். ரீவியின் பின்பக்கப் பச்சைத் துவாரத்துக்குப் பக்கத்தில் 'வீடியோ' என்றும் எழுதியிருந்தால், பிளேயரிலிருந்து படத்தைக் கொண்டுவரும் மஞ்சள் வயருக்கும் அதுதான் இடம். அதில் கொழுவியும் நிறமில்லையென்றால் ரிமோட்டில் படத்தை மூன்று வயர்களில் பிரித்து வாங்கும் 'கொம்போனன்ற்' தெரிவாகியிருக்கும், மஞ்சள் வயர் ஒன்றிலேயே படத்தை வாங்கும் 'ஏவி'க்கு மாற்றுங்கள். கொம்போனன்ற் நிறத்தை நீல, சிவப்பு வயர்களில் தனியாக எதிர்பார்க்கும். மஞ்சளில் எல்லாம் கலந்தே வருவதால் வெளிச்சம் மட்டும் தெரிகிறது.

அப்படியும் வராவிட்டால் பிளேயரின் செற்றப்பில் நிற முறையை 'என்டிஎஸ்சி' (NTSC) இலிருந்து 'பால்' (PAL) ஆக்குங்கள். இலங்கை ஒளிபரப்பு முறை அதுதான்.

மஞ்சள் வயரில் சந்தேகமா? வெள்ளைச் சத்த வயரை அந்த இடத்தில் கொழுவிப் பாருங்கள், சோதனைக்குப் போதும்.