மூடியில் உள்ள எழுத்தை நம்பலாமா?

கேள்வி: இணையத்தில் ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 7 1700 கணினிச் செயலி ஒன்றை வாங்கியுள்ளேன். அது போலியா என்பதைப் பொருத்தும் முன்பே அறிய முடியுமா?

பதில்: பெரும்பாலும் முடியும், முதலில் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஏஎம்4 என்ற பொருத்துவாய் (சாக்கெட்) வகையைச் சேர்ந்த இச்செயலியின் அடியில் 1331 ஊசிகள் இருக்க வேண்டும் என்பதால், அங்கே தட்டையான பொன்னிறப் புள்ளிகள் மட்டுமே தென்பட்டால், மேலே ரைசன் என்று எழுதியிருந்தாலும் அது மலிவான இன்டெல் செயலியாக இருக்கக்கூடும். 2017-ல் இத்தகைய மோசடி உண்மையிலேயே நடந்தது. செயலியின் மேலுள்ள உலோக மூடியின் எழுத்தை மாற்றுவது எளிது, ஊசிகளை முளைக்க வைப்பதுதான் கடினம்! ஊசிகள் இருந்தும் ஐயம் தீராவிட்டால், பொருத்திய பின் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் 8 கோர்களும் (செயலியின் கருக்கள்) 16 த்ரெட்களும் (அங்கே ‘லாஜிக்கல் ப்ராசஸர்கள்’ எனக் காட்டப்படுபவை) தெரிகின்றனவா என்று சரிபாருங்கள். உறை பிரித்ததைக் காணொளியாகப் பதிவு செய்திருந்தால், பணத்தைத் திரும்பக் கேட்கையில் அது உதவும்.