எடிட்டிங் மேசை: மானிட்டரில் சரியாக இருக்கிறது, டிவியில் ஏன் இருட்டு?

வாசகர் கேள்விகளுக்கு டர்பனிலிருந்து ஒரு எடிட்டரின் பதில்கள்

கேள்வி: அக்கா, நான் சாட்ஸ்வொர்த்தில் கல்யாணம், காவடி எல்லாம் வீடியோ எடுத்து பிரீமியரில் எடிட் செய்கிறேன். லேப்டாப் திரை போதவில்லை என்று 24 அங்குல மானிட்டர் வாங்கி எச்.டி.எம்.ஐ. கேபிளில் மாட்டினேன். கராஜில்தான் வேலை. ஜன்னல் கிடையாது, விளக்கை அணைத்துவிட்டு உட்காருவேன். மானிட்டரில் கறுப்பு சாம்பலாகத் தெரிகிறது, அதனால் ஷாடோவை இறக்குகிறேன். முகம் வெளிறித் தெரிவதால் வெதுவெதுப்பான நிறம் கூட்டுகிறேன். கடைசியில் பெண் வீட்டார் டிவியில் போட்டுப் பார்த்தால் முகமெல்லாம் இருட்டு, அதுவும் ஆரஞ்சு கலந்த இருட்டு. கேமராவைத் திருப்பிய இடங்களில் என் மானிட்டரில் படம் உதறி உதறி ஓடுகிறது. விலை கூடிய மானிட்டர் வாங்கினால் சரியாகுமா?

பதில்: இப்போதைக்கு எதுவும் வாங்காதீர்கள் தம்பி. நீங்கள் எழுதியிருக்கும் ஒவ்வொரு கோளாறுக்கும் தனித்தனிக் காரணம் இருக்கிறது. முக்கால்வாசி, காசு செலவில்லாமல் தீரக்கூடியவை.

முதலில் அந்தச் சாம்பல் கறுப்பு. வெளிச்ச அளவை எண்ணில் சொன்னால், வீடியோவில் கறுப்பு 16-ல் தொடங்கி வெள்ளை 235-ல் முடியும். கம்ப்யூட்டர் திரைக்கு 0 முதல் 255 வரை. எச்.டி.எம்.ஐ.யில் மாட்டியதும் சில லேப்டாப்கள் எதிரே டிவிதான் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு 16–235 என்ற அளவில் அனுப்பிவிடும். மானிட்டரோ 0 வந்தால்தான் அதைக் கறுப்பாகக் காட்டும். 16 அதற்குச் சாம்பல். நீங்கள் அந்தச் சாம்பலைப் பார்த்து ஷாடோவை இறக்கினீர்கள். கோப்பில் ஏற்கெனவே சரியாக இருந்த கறுப்பு இன்னும் கீழே போய்விட்டது. என்விடியா கார்டு என்றால் அதன் கண்ட்ரோல் பேனலில் ரெசல்யூஷன் பக்கத்தின் அடியில் ‘அவுட்புட் டைனமிக் ரேஞ்ச்’ என்று இருக்கும். அதை ‘ஃபுல்’ என்று மாற்றுங்கள். எச்.டி.எம்.ஐ. துளை இன்டெல் வழியாகப் போகும் லேப்டாப்பில் இதே வசதி இன்டெலின் செயலியில் வேறு பெயரில் இருக்கும். மானிட்டர் மெனுவில் ‘பிளாக் லெவல்’ அல்லது ‘ஆர்.ஜி.பி. ரேஞ்ச்’ இருந்தால் அதுவும் இதற்குப் பொருந்த வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே பேச்சு பேசினால் போதும். இதற்காக எக்ஸ்போர்ட் அமைப்பில் கை வைக்காதீர்கள். அது அப்படியே இருக்கட்டும்.

அடுத்தது வெளிச்சம். கடையிலிருந்து வரும் மானிட்டர் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று 250, 300 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அலகு) வரை ஏற்றி வைத்திருப்பார்கள். சாதாரண எச்.டி. வீடியோவைத் திருத்துவதற்கான அளவு 100 நிட்ஸ். இருட்டு கராஜில் மும்மடங்கு வெளிச்சத்தைப் பார்த்தால் யாருக்கும் கை தானாகப் படத்தை இறக்கத்தான் செய்யும். அளக்கும் கருவி இல்லாவிட்டாலும் உங்களிடம் கேமரா இருக்கிறதே. மானிட்டர் முழுக்க வெள்ளையைக் காட்டுங்கள். கேமராவை மேனுவலில் வைத்து ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 4, ஷட்டர் 1/50 என்று அமைத்து, ஃபிரேம் முழுக்க அந்த வெள்ளையே தெரியும்படி பிடியுங்கள். கேமராவின் மீட்டர் நடுவில், பூஜ்யத்தில், வந்து நிற்கும்வரை மானிட்டரின் பிரைட்னஸைக் குறையுங்கள். அதுதான் தோராயமாக 100 நிட்ஸ். முதல் நாள் ரொம்ப மங்கலாகத் தோன்றும். கொஞ்ச நேரத்தில் கண் பழகிவிடும்.

முகம் வெளிறித் தெரிவதற்குப் பெரும்பாலும் மானிட்டரின் நீலம் பாய்ந்த வெள்ளைதான் காரணம். வீடியோவுக்கான வெள்ளை டி65, அதாவது ஏறத்தாழ 6500 கெல்வின். மெனுவில் ‘எஸ்.ஆர்.ஜி.பி.’ அல்லது ‘6500’ என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். எச்.டி. வீடியோவின் நிறத் தரமான ரெக் 709-க்கும் கம்ப்யூட்டர் திரையின் தரமான எஸ்.ஆர்.ஜி.பி.க்கும் அடிப்படை நிறங்கள் ஒன்றேதான், காமாவில்தான், அதாவது கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடைப்பட்ட வெளிச்சம் ஏறும் விதத்தில்தான், வித்தியாசம். மெனுவில் காமா தனியாக இருந்தால், மங்கலான அறையில் உட்காரும் உங்களுக்கு 2.4. வெளிச்சமான அறை என்றால் 2.2. விண்டோஸின் ‘நைட் லைட்’, ‘எச்.டி.ஆர்.’ இரண்டையும் அணையுங்கள். மானிட்டரிலேயே ‘டைனமிக் கான்ட்ராஸ்ட்’ என்று ஒன்று இருக்கும், அதையும்.

படம் உதறுவது வேறு விஷயம். இந்தத் தென்னாப்பிரிக்காவில் 1976-ல் டிவி வந்த நாளிலிருந்தே ‘பால்’ (PAL) என்ற ஒளிபரப்பு முறை, விநாடிக்கு 25 ஃபிரேம். நாமும் அதிலேயே எடுக்கிறோம். மானிட்டர் 60 ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 60 முறை, ஓடினால் 25 ஃபிரேமைச் சமமாகப் பங்கிட முடியாது. ஒரு ஃபிரேம் இரண்டு முறை, இன்னொன்று மூன்று முறை என்று காட்டும். திருப்பும்போது உதறல் அதனால்தான். விண்டோஸ் டிஸ்ப்ளே அமைப்பில் 50 ஹெர்ட்ஸ் கிடைத்தால் அதற்கு மாற்றுங்கள்.

இணைப்பை ‘டூப்ளிகேட்’ என்று வைத்திருந்தால் ‘எக்ஸ்டெண்ட்’ ஆக்கிவிட்டு, மானிட்டருக்கு அதன் சொந்த ரெசல்யூஷனைக் கொடுங்கள். பிறகு பிரீமியரின் பிரிஃபரன்சஸில் பிளேபேக் பக்கத்துக்குப் போய் ‘மெர்க்குரி டிரான்ஸ்மிட்’டை டிக் செய்து அந்த மானிட்டரைக் காட்டுங்கள். டைம்லைன் லேப்டாப்பிலும், படம் மட்டும் முழுத்திரையாக மானிட்டரிலும் வரும்.

கராஜை முழு இருட்டாக வைக்காதீர்கள். மானிட்டருக்குப் பின்னால் 6500 கெல்வின் விளக்கு ஒன்றை மெல்லிய வெளிச்சத்தில் சுவரைப் பார்த்து வையுங்கள். அந்தச் சுவருக்கு வெளிர் சாம்பல் அடித்துவிட்டால் நல்லது. நிறமுள்ள சுவர் கண்ணை ஏமாற்றும்.

இதெல்லாம் முடிந்த பிறகு காசு செலவழிக்க நினைத்தால் முதலில் அளவுக் கருவி வாங்குங்கள். ஸ்பைடர், கேலிபிரைட் மாதிரி. திரையில் ஒட்டி வைத்தால் ஒவ்வொரு நிறத்தையும் அளந்து புரொஃபைல் தயாரித்துக் கொடுக்கும். ‘டிஸ்ப்ளேகால்’ என்ற மென்பொருள் இலவசம். மானிட்டரை அரைமணி நேரம் ஓடவிட்டு அப்புறம் அளக்க வேண்டும். அளந்தபின் பிரீமியரில் ‘டிஸ்ப்ளே கலர் மேனேஜ்மென்ட்’டைப் போடாவிட்டால் அந்தப் புரொஃபைல் முழுப் பயன் தராது. நம் பக்கத்து வீடியோக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு கருவி வாங்கிச் சுற்றில் விடலாம் என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தினமும் தேவைப்படுகிற பொருள் அல்ல அது. தண்டர்போல்ட் உள்ள லேப்டாப் என்றால் அதற்கும் பிறகு ‘அல்ட்ராஸ்டூடியோ மானிட்டர் 3ஜி’ போன்ற பெட்டி. விண்டோஸின் தலையீடே இல்லாமல் வீடியோ சிக்னல் நேராக வெளியே வரும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். முகத்தைக் கண்ணால் மட்டும் முடிவு செய்யாதீர்கள், படத்தின் நிறங்களை வட்டத்தில் புள்ளிகளாகக் காட்டும் வெக்டர்ஸ்கோப்பைத் திறந்து பாருங்கள். அதில் தோல் நிறத்துக்கென்று ஒரு கோடு இருக்கிறது. மாநிறமோ கறுப்போ வெளுப்போ, மனிதத் தோல் பெரும்பாலும் அந்தக் கோட்டை ஒட்டியே விழும். வெளிச்ச அளவுதான் மாறும். ஆகவே நம் ஆட்களின் முகத்தைச் சரியாகக் காட்ட அதை வெளுப்பாக்க வேண்டிய அவசியமே கிடையாது. ஆனால் நலங்கு வைக்கும் காட்சியில் கவனம். மஞ்சள் பூசிய முகம் கோட்டைவிட்டு மஞ்சள் பக்கம் விலகித்தான் நிற்கும். அதைப் பிழை என்று நினைத்துக் கோட்டுக்கு இழுத்தால் பெண்ணின் மஞ்சள் போய்விடும், பின்னால் நிற்கும் அம்மாவின் முகம் ஊதாவாகிவிடும். மஞ்சள் படாத காது மடலையோ, பக்கத்தில் நிற்கிறவரின் கையையோ பெரிதாக்கி, அதை வைத்து அளவெடுங்கள். அம்மாவின் முகம் சரியாக வந்தால் அந்தக் காட்சி சரி. இருபது வருஷம் கழித்து அந்த வீட்டார் தேடிப் பார்ப்பது அதைத்தான்.

கேள்வி: பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கிறேன் அக்கா. கோயிலில் தீமிதி வீடியோ எடுத்துக் கொடுப்பேன். தனி மானிட்டர் வாங்க வசதியில்லை. ஹாலில் இருக்கும் டிவியையே பிரிவியூவுக்கு வைக்கலாமா?

பதில்: தாராளமாக வைக்கலாம் மா. டிவி படத்தை அழகுபடுத்தும் வேலைகளை மட்டும் நிறுத்த வேண்டும். ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ இருந்தால் அதைப் போடுங்கள். பெரும்பாலானவை தானாக நின்றுவிடும். இல்லாவிட்டால் ‘சினிமா’ அல்லது ‘மூவி’ வைத்து, மோஷன் ஸ்மூத்திங், எனர்ஜி சேவிங், அறை வெளிச்ச சென்சார் எல்லாவற்றையும் அணையுங்கள். படத்தின் ஓரம் வெட்டுப்படாமல் முழுதாகத் தெரிகிறதா என்று பாருங்கள். மேலே அந்தத் தம்பிக்குச் சொன்ன ரேஞ்ச் விஷயம் உங்களுக்கும் உண்டு.

தீமிதியில் தணல் எரியும் சிவப்பை டிவி தன் இஷ்டத்துக்குக் கூட்டிக் காட்டும். அதனால் டிவியில் தணல் நன்றாகத் தெரிகிறது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். ஸ்கோப்பில் சிவப்பு, பச்சை, நீல அளவுகளைத் தனித்தனியாகக் காட்டும் ஆர்.ஜி.பி. பரேடைத் திறந்து சிவப்பு உச்சியில் தட்டையாக வெட்டுப்படுகிறதா என்று பாருங்கள். வெட்டுப்பட்டால் தணலின் உள்விவரம் போய் ஒரே சிவப்புத் திட்டாகிவிடும். அந்த இடத்தில் மட்டும் சாச்சுரேஷனை (நிறத்தின் அடர்த்தியை) குறையுங்கள்.

டிவியில் படம் சற்றுத் தாமதமாக வரும். லேப்டாப் ஸ்பீக்கரில் மேளம் முந்திக்கொள்ளும். அதை நம்பி ஒலியை நகர்த்தாதீர்கள். ஒலியையும் டிவி வழியாகவே கேளுங்கள்.

கேள்வி: எல்லோரும் வாட்ஸ்அப்பில்தானே பார்க்கிறார்கள், இவ்வளவு மெனக்கெட வேண்டுமா? (ஃபீனிக்ஸ் வாசகர்)

பதில்: வேண்டும் ஐயா. ஒவ்வொரு போனும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்திருக்கும். நீங்கள் நடுவில் நின்றால் எதிலும் அதிகம் கெடாது. நீங்களே ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அதே பக்கம் சாய்ந்த போனில் இரட்டிப்பாகக் கெடும். அனுப்பும்போது வீடியோவாக அனுப்பாமல் ‘டாகுமென்ட்’ ஆக அனுப்புங்கள். வாட்ஸ்அப் அதைச் சுருக்காது.