மின்சார ஸ்கூட்டரும் எங்கள் ஒழுங்கைகளும்: கேள்வி பதில்

2022இல் பெற்றோலுக்காக வரிசையில் நின்று களைத்துப்போன பிறகு, யாழ்ப்பாணத்தில் பலர் மின்சார ஸ்கூட்டருக்கும் பற்றரி சைக்கிளுக்கும் மாறினார்கள். திருநெல்வேலியில் அவற்றைத் திருத்துவதுதான் என் தொழில். ஓட்டுகிறவர்களும் கேள்வி கேட்கிறார்கள், அவர்களால் இடைஞ்சல்படுகிறவர்களும் கேட்கிறார்கள். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தே இங்கே பதில் சொல்கிறேன்.

நல்லூர், ஓய்வுபெற்ற ஆசிரியை: விடியற்காலையில் கோயிலுக்கு நடந்துதான் போவேன். பின்னால் சத்தமே இல்லாமல் வந்து தோளில் உரசுகிற மாதிரிப் போகிறார்கள். நான் எப்படி ஒதுங்குவது?

ரீச்சர், ஒதுங்க வேண்டியவர் நீங்கள் இல்லை. மோட்டார் சத்தம் போடாது, மெதுவாக வந்தால் ரயர் சத்தமும் கேட்காது. ஐரோப்பாவில் 2019 ஜூலையிலிருந்து புதிய ரக மின்சாரக் கார்கள் 20 கிலோமீற்றர் வேகம் வரைக்கும் ஏதாவது ஒலி எழுப்ப வேண்டும் என்று விதி இருக்கிறது. இரண்டு சில்லு வண்டிகளுக்கு அந்த விதி இல்லை. அதனால் முழுப் பொறுப்பும் ஓட்டுகிறவரிடம்தான்: தூரத்திலேயே மணியடிக்க வேண்டும், வேகத்தைக் குறைக்க வேண்டும், விலகிப் போக இடம் இல்லாவிட்டால் பின்னாலேயே வர வேண்டும். கிட்ட வந்து ஹோர்ன் அடித்தால் வயதானவர் திடுக்கிட்டுக் குறுக்கே திரும்பிவிடுவார். உங்கள் பாதுகாப்புக்கு ஒன்று சொல்கிறேன். நடைபாதை இல்லாத ஒழுங்கையில் வலப்பக்கமாக நடவுங்கள், எதிரே வருவது கண்ணுக்குத் தெரியும்.

கொக்குவில், ஒரு தாய்: மகன் ரியூசனுக்குப் போக மின்சார ஸ்கூட்டர் கேட்கிறான். லைசென்ஸ் தேவையில்லை என்று கடையில் சொன்னார்கள். வாங்கலாமா?

வாங்காதீர்கள் அக்கா. பெடல் இல்லாமல் மோட்டார் சைக்கிளைப் போல ஓடுகிற வண்டிக்குப் பதிவு, காப்புறுதி, லைசென்ஸ், ஹெல்மெற் எல்லாம் வேண்டும். காசு கொடுக்க முதல் பதிவுப் பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். "பிறகு தருகிறோம்" என்றால் திரும்பி வந்துவிடுங்கள். பதிவில்லாத வண்டியில் பிள்ளை ஒருவரை இடித்துவிட்டால் காப்புறுதியென்று கைகொடுக்க யாரும் இருக்க மாட்டார்கள்.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். 40 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு செக்கனுக்கு 11 மீற்றர் ஓடும். நாய் குறுக்கே வந்ததைக் கண்டு பிரேக்கில் கை வைக்கவே அந்தத் தூரம் போய்விடும், நிற்க இன்னும் ஏறக்குறைய அதே அளவு தூரம் வேண்டும். 25இல் போனால் மொத்தத் தூரம் கிட்டத்தட்டப் பாதிதான். பின்னால் இரண்டு சிநேகிதர்களை ஏற்றிக்கொண்டு போனால் இந்தக் கணக்கும் செல்லாது. ரியூசனுக்குச் சாதாரணச் சைக்கிள் போதும்.

மானிப்பாய், இளைஞர்: அண்ணை, 25க்கு மேல் போகாதபடி பூட்டியிருக்கிறார்கள். அந்த வயரைக் கழற்றிவிட ஏலுமா?

ஏலும் தம்பி, ஆனால் நான் செய்ய மாட்டேன். அந்தப் பிரேக், சில்லு, ரயர் எல்லாம் அந்த வேகத்துக்கென்றே பொருத்தியவை. வேகம் இரண்டு மடங்கானால் மோதும் சக்தி நான்கு மடங்காகும்.

குருநகர், கடை வைத்திருப்பவர்: சார்ஜர் பழுதாகிவிட்டது. பிளக் பொருந்துகிற வேறு சார்ஜரைப் போடலாமா? அதிலும் 48 வோல்ற் என்றுதான் எழுதியிருக்கிறது.

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துப் பதில் சொல்ல வேண்டும். பிளக் பொருந்துவதும் 48 என்று எழுதியிருப்பதும் போதாது. சாதாரண 48 வோல்ற் லித்தியம் பற்றரிக்குள் 13 செல்கள், அதாவது சிறு பற்றரிகள், தொடராக இருக்கும். ஒரு செல்லின் உச்சம் 4.2 வோல்ற், ஆகவே சார்ஜர் 54.6இல் நிற்க வேண்டும். நான்கு ஈயப் பற்றரிகளுக்குரிய 48 வோல்ற் சார்ஜரோ 59 வரைக்கும் ஏற்றும். உள்ளே இருக்கிற பாதுகாப்புப் பலகை வேலை செய்தால் மின்னை வெட்டிவிடும். மலிவான பற்றரியில் அதை நம்பி இருக்க முடியாது.

கரையோரத்தில் இருக்கிற ஒருவர் கொண்டுவந்த பற்றரிப் பெட்டியைப் போன மாரியில் திறந்து பார்த்தேன். பெருவிரல் அளவு செல்களில் மூன்றுக்கு நீல உறை சுருங்கி உரிந்திருந்தது. செல்களை இணைக்கும் தகடுகளில் உப்புக்காற்றும் ஈரமும் சேர்ந்து துரு ஏறியிருந்தது, பக்கத்து வயரின் தோல் வெந்து மண்ணிறமாகிவிட்டது. அதைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துத்தான் சார்ஜ் பண்ணியிருக்கிறார், அறைக்குள் இரண்டு பிள்ளைகள் படுக்கிறார்கள்.

ஒரு செல் மிதமிஞ்சிச் சூடானால் அந்தச் சூட்டில் அடுத்த செல்லும் பற்றும், நிறுத்தவே முடியாது. நியூயோர்க்கில் 2023இல் மட்டும் லித்தியம் பற்றரித் தீயால் 18 பேர் இறந்தார்கள். அங்கே பெரும்பாலும் பற்றியது இப்படியான சைக்கிள், ஸ்கூட்டர் பற்றரிகள்தான். ஆகவே பற்றரியின் வகையும் சார்ஜரில் எழுதியிருக்கும் வெளியீட்டு வோல்ற்றும் ஒத்துப்போகாவிட்டால் போடவே வேண்டாம்.

சுன்னாகம்: இரவில் விறாந்தையில் சார்ஜ் போட்டுவிட்டுப் படுக்கலாமா?

விழித்திருக்கும் நேரத்தில் போடுங்கள். வாசல் பாதையில் வைக்க வேண்டாம், அங்கே பற்றினால் வீட்டிலிருந்து வெளியே வர வழியில்லை. ஓடி வந்த சூடு ஆறி அரை மணி நேரம் போகட்டும், பிறகு சார்ஜ் போடலாம். பலமுனை அடப்டரில் செருகாமல் சுவர்ப் பிளக்கில் நேரே செருகுங்கள்.

வண்ணார்பண்ணை: பாரிசில் இவற்றைத் தடை செய்துவிட்டார்கள் என்று தங்கச்சி சொல்கிறாள். இங்கேயும் தடை செய்தால் என்ன?

பாரிசில் நிறுத்தியது நின்றபடி ஓட்டுகிற வாடகை ஸ்கூட்டர்களை மட்டும்தான். 2023 ஏப்ரல் 2இல் வாக்கெடுப்பு வைத்தார்கள். வாக்களித்தவர்களில் பத்தில் ஒன்பது பேரளவில் வேண்டாம் என்றார்கள், ஆனால் வாக்களிக்கப் போனவர்கள் மிகக் குறைவு. சொந்த ஸ்கூட்டர் அங்கே இன்னமும் ஓடுகிறது. சிங்கப்பூர் செய்தது எனக்குப் பிடித்திருக்கிறது. 2019 நவம்பரில் நடைபாதையில் மின்சார ஸ்கூட்டர் ஓடக் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள்.

எங்களுக்கும் முழுத் தடை தேவையில்லை. பெற்றோல் செலவில்லாமல் வேலைக்குப் போய் வருகிறவர்களின் வண்டியைப் பறிப்பது நியாயமில்லை. ஆனால் ஆரியகுளத்துச் சுற்றுப்பாதையும் பண்ணைக் கடற்கரையும் குழந்தைகளும் முதியவர்களும் காலாற நடக்கும் இடங்கள். அங்கே மோட்டார் போட்டு ஓடுவதற்கு எந்த நியாயமும் இல்லை. இறங்கி உருட்டிக்கொண்டு போகலாம்.

அரியாலை: மழை வெள்ளத்துக்குள்ளால் ஓடலாமா?

தூறலுக்குப் பயமில்லை. சில்லின் நடுப்பகுதி தாழ்கிற அளவு வெள்ளம் என்றால் இறங்கிவிடுங்கள், மோட்டார் அங்கேதான் இருக்கிறது. நனைந்தால் நன்றாகக் காயும் வரைக்கும் சார்ஜ் போட வேண்டாம்.

கோண்டாவில்: பற்றரி ஒரு பக்கம் வீங்கியிருக்கிறது, வண்டி ஓடுகிறது. பாவிக்கலாமா?

இன்றோடு நிறுத்துங்கள். சார்ஜ் போடாதீர்கள், குத்தி அமத்திப் பார்க்காதீர்கள். கழற்றத் தெரிந்தால் கழற்றி, கிடுகு வேலிக்கும் விறகுக்கும் தூரமாக, நிழலில் வெறும் மணலில் வையுங்கள். கழற்றத் தெரியாவிட்டால் வண்டியையே அப்படி நிறுத்துங்கள். சீறும் சத்தமோ புகையோ வந்தால் கிட்டப் போகாமல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு விலகிவிடுங்கள், அந்தப் புகை நஞ்சு. முக்கியமாக, வளவுக் குப்பையோடு சேர்த்துக் கொளுத்திவிட வேண்டாம். திருத்துகிறவர் ஒருவரைக் கூப்பிட்டு எடுத்துப் போகச் சொல்லுங்கள்.