கொதிநிலை முகடு ஏன் பரவுகிறது?

கேள்வி: டி.எஸ்.சி. கருவியில் (மாதிரி சூடேறும்போது உறிஞ்சும் வெப்பத்தை வரைபடமாகக் காட்டுவது) ஒரு திரவத்தின் ஆவியழுத்தத்தை, குறித்த அழுத்தத்தில் அது கொதிக்கும் வெப்பநிலையைக் கொண்டு அளக்கிறேன். வரைபடத்தில் கொதிநிலை முகடு கூர்மையாக வராமல் அகன்று பரவுகிறது. ஏன்?

பதில்: பெரும்பாலும் குறை, மாதிரி வைக்கும் சிறு கிண்ணத்தின் மூடியில் உள்ள துளையில்தான். துளை பெரிதானால் கொதிக்கும் முன்பே திரவம் ஆவியாகி வெளியேறும், முகடு பரவும். மிகச் சிறிதானால் கிண்ணத்துக்குள் அழுத்தம் ஏறி, கொதிநிலை உயர்ந்து தெரியும். கையால் ஊசி குத்தாதீர்கள், விட்டம் சீராக அமையாது. லேசரில் துளையிட்ட, 125 மைக்ரோமீட்டருக்கு மிகாத மூடியே நல்லது. மாதிரி 1 முதல் 5 மில்லிகிராம், சூடேற்றம் நிமிடத்துக்கு 5 டிகிரி. முகட்டின் உச்சியை அல்ல, முகடு எழத் தொடங்கும் வெப்பநிலையைக் குறியுங்கள். முதலில் தண்ணீரை வைத்துச் சோதியுங்கள்: 50 கிலோபாஸ்கலில் 81.3 டிகிரி செல்சியஸில் கொதிக்க வேண்டும். விலகினால் அழுத்தமானியைச் சரிபாருங்கள். மிகக் குறைந்த அழுத்தங்களில் இந்த முறையை நம்ப வேண்டாம், அங்கே டி.ஜி.ஏ.வின் (சூடேறும் மாதிரியின் எடையைத் தொடர்ந்து அளக்கும் கருவி) எடையிழப்பு வேகமே கைகொடுக்கும்.